உஷார்! அந்த நீலத்தை நம்பாதீர்கள்

பிள்ளைக்குத் துவாய் மடித்து வைக்கிறீர்களா? வானுக்கு ஆள் சேர்த்தாயிற்றா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள். தடாகம் எங்கும் ஓடிப்போகாது.

லீவு விட்டால் இப்போது நம் பக்கத்துத் தோட்டங்களில் இதுதான் பழக்கம். தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, காவத்தை, எந்தப் பக்கம் போனாலும் இதே கதை. லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடிக்கிறது. டவுனில் டிக்கட் போட்டு உள்ளே விடுகிற நீச்சல் தடாகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஆசைதான், தப்பில்லை. பீலியில் குனிந்து குளித்தே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவு தண்ணீரையும் ஒன்றாகப் பார்த்தால் கண் விரியாதா?

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பார்த்துவிட்டு இறக்குங்கள் என்கிறேன். ஆனால் எதைப் பார்ப்பது என்று நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கே போன வருஷம் வரை தெரியாது.

ஒரு றப்பர் தோட்டத்துக் குடும்பம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், அவர்கள் போன டவுனும் வேண்டாம். அம்மா பால் வெட்டப் போகிறவள், எனக்குத் தங்கச்சி முறை. போனது உள்ளூர்ச் சபை நடத்தும் தடாகம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை.

"தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருந்துச்சுக்கா. கேட்டேன். மழை பேஞ்சா அப்படித்தான்னு டிக்கட் கிழிக்கிறவரு சொன்னாரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

பையனுக்குப் பதினொரு வயது. ஆழம் குறைந்த பக்கத்தில்தான் நின்றான். தரை சரிந்து இறங்கும் இடம் மேலிருந்து தெரியவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். அவ்வளவுதான். கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. இருபது அடி தள்ளி அம்மா சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பெரியப்பா மகளின் காலில் ஏதோ தட்டுப்பட்டது. யாரோ சட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் காலாலேயே தள்ளியிருக்கிறாள். தள்ளியது கனத்தது. குனிந்து கையை விட்டாள். கையில் வந்தது தலைமுடி.

பையன் பிழைத்தான். முதலுதவி படித்த ஒரு பொடியன் அன்றைக்கு அங்கே குளிக்க வந்திருந்தான், அது அவர்கள் அதிர்ஷ்டம். நாலு நாள் ஆஸ்பத்திரி. இப்போது பாடசாலைக்குப் போகிறான், விளையாடுகிறான். பீலியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் மட்டும் கையைத் தட்டிவிடுகிறான்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில், மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்று ஒரு நகரம். 2011 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை. அரசு நடத்தும் பொதுத் தடாகம். முப்பத்தாறு வயதுத் தாய் ஒருத்தி, அயல்வீட்டுப் பையனோடு சறுக்கியில் இறங்கினாள். மேலே வரவில்லை. அந்த ஒன்பது வயதுப் பையன் காவலுக்கு நின்றவர்களிடம் போய்ச் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் அவ்வளவு கலங்கல். திங்களும் செவ்வாயும் தடாகம் திறந்தே இருந்தது. சனங்கள் அதே தண்ணீரில் நீந்தினார்கள். நகரத்துச் சுகாதாரப் பரிசோதகர்களும் வந்து பார்த்துப் போனார்கள். செவ்வாய் இரவு வேலி ஏறிக் குதித்த இளைஞர்கள்தான் உடலைக் கண்டார்கள்.

இரண்டு நாள்! பன்னிரண்டு அடி ஆழத்தில், திறந்திருந்த தடாகத்தில், இரண்டு நாள்!

பணக்கார நாட்டிலேயே இது நடந்தது என்றால், கரண்ட் பில் கட்டவே கஷ்டப்படுகிற நம் ஊர்ச் சபையின் தடாகத்தில் என்ன நடக்காது?

சரி, தண்ணீர் ஏன் கலங்குகிறது? மழை ஒரு காரணம்தான். டிக்கட் கிழிக்கிறவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். மீதிப் பாதி காசு.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். இருபத்தைந்து மீற்றர் நீளம், பன்னிரண்டரை மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் உள்ள ஒரு தடாகத்தில் கிட்டத்தட்ட 4 இலட்சத்து 70 ஆயிரம் லீட்டர் தண்ணீர் பிடிக்கும். லயத்துக்குப் பின்னால் மேடையில் நிற்கிற 1000 லீட்டர் கறுப்புத் தாங்கி இருக்கிறதே, அதில் 470 தாங்கி! இந்தத் தண்ணீர் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மணல் வடிகட்டிக்குள் போய் வர வேண்டும். அதற்குப் பத்துக் குதிரைவலு மோட்டார் ஒன்று இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 180 யூனிட். மாதம் 5,400 யூனிட்.

இனி உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் மின்சாரக் கட்டணத்தைச் சராசரி 75 வீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம். நூறு ரூபாய் கட்டிய இடத்தில் ஏழு மாதத்துக்குள் இருநூற்றுத் தொண்ணூறு. பிறகு குறைத்தார்கள், 2025 ஜூனில் மறுபடி 15 வீதம் ஏற்றினார்கள். குளோரீனோ வெளிநாட்டுச் சரக்கு. 2022 இல் ரூபாய் விழுந்தபோது அதன் விலையும் ஏறியது.

தடாகத்து டிக்கட்டை அதே வேகத்தில் ஏற்ற முடியுமா? ஏற்றினால் ஆள் வராது. ஏற்றாவிட்டால் பில் கட்ட முடியாது. கையில் காசில்லாத சபை என்ன செய்யும்? நீங்கள் நான் செய்வதைத்தான் செய்யும். வெளியே தெரியாத இடத்தில் கையை வைக்கும். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும், ஏனென்றால் அது தெரியும். ராத்திரி மோட்டாரை நிறுத்தும், ஏனென்றால் அது தெரியாது. இரண்டு வாளி போட வேண்டிய குளோரீனை ஒரு வாளியாக்கும். மாற்ற வேண்டிய வடிகட்டி மணலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளும். காவலுக்கு இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் நிற்பார். அவரே டிக்கட்டும் கிழிப்பார், பூட்டும் திறப்பார், கழிவறையும் கழுவுவார்.

யாரையும் திட்டவில்லை. அங்கே வேலை செய்கிற மனிதர்களும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள்தான். ஆனால் உங்கள் பிள்ளை அந்தத் தண்ணீரில் இறங்கும்போது சபையின் கஷ்டம் பிள்ளையைத் தூக்கிவிடாது.

முறையிடலாம் என்றாலும் இவ்வளவு காலம் யாரிடம் முறையிடுவது? 2023 மார்ச்சில் உள்ளூர்ச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்று தள்ளித் தள்ளி, 2025 மே 6 இல்தான் வாக்குப் போட்டோம். அதுவரை இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. செயலாளரும் ஆணையாளரும் கோப்பைப் பார்த்து நடத்தினார்கள். தடாகத்தைக் கோப்பில் பார்த்தால் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

நமக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைக் காசை இறக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 இல்தான் திருத்தினார்கள். முப்பது வருஷம்! பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்குமே வழியில்லாத இடத்தில் நீச்சல் பழக்க யார் வருவார்? அதனால்தான் நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத பிள்ளை, பராமரிப்பு இல்லாத தடாகம். இரண்டும் சந்திக்கிற இடத்தைத்தான் சொல்கிறேன்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். கரையில் நின்று இவற்றைப் பாருங்கள்.

நீலத்தைப் பார்க்காதீர்கள். "தண்ணீர் நீலமாகத்தானே இருந்தது" என்பார்கள். அடியில் ஒட்டியிருக்கிற டைல்ஸ் நீலம். அதன் மேல் எதை ஊற்றினாலும் நீலமாகத்தான் தெரியும்.

ஆழமான முனைக்கு நடந்து போங்கள். அங்கே அடியில், தண்ணீர் இழுக்கும் வாயில் ஒரு சல்லடை மூடி இருக்கும். கரையில் நின்றபடி அதன் கம்பிகளை எண்ணுங்கள். எண்ண முடிந்தால் சரி. மூடி இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது, கம்பி தெரியவில்லை என்றால்? ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. மூடியே தெரியாவிட்டால் அங்கே நிற்கவும் வேண்டாம். இதற்குப் படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம். அந்தத் தங்கச்சிக்கு யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருந்தால்!

அதே மூடியைப் பற்றி இன்னொன்று. அது உடைந்திருக்கிறதா, ஆணி கழன்று நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் இழுக்கும் இழுவை சாதாரணமில்லை. மூடி இல்லாத வாயில் பிள்ளையின் முடியோ, சட்டை நாடாவோ, முதுகோ ஒட்டிக்கொண்டால் பெரிய ஆள் பிடித்து இழுத்தாலும் வராது. அமெரிக்காவில் 2002 இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சூடுநீர்த் தொட்டி ஒன்றில் இப்படி ஒட்டிக்கொண்டு இறந்தாள். அதற்குப் பிறகுதான், 2007 இல், பாதுகாப்பான மூடி கட்டாயம் என்று சட்டமே வந்தது. பெண்பிள்ளைகளின் முடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். மூடி இருந்தாலும் அதன் பக்கம் போகாதே என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு மணம். "மருந்து மணம் நல்லா அடிக்குது, சுத்தமாத்தான் இருக்கு" என்று நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன். தலைகீழ்! நன்றாகப் பராமரித்த தண்ணீரில் மணம் மெல்லியதாகத்தான் இருக்கும். மூக்கைத் துளைக்கிற மணம், கண் எரிச்சல் எல்லாம் குளோரீன் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போனதன் மணம். அதாவது கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரீன் குறைந்து, எச்சம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

உட்சுவரின் டைல்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே விரலால் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கக் கூடாது. பீலிக் கல்லில் பாசி பிடித்தது போல வழுவழு என்று இருந்தால் அங்கே கிருமி குடித்தனம் நடத்துகிறது. கால் வழுக்கும் என்பது இரண்டாவது பயம்தான்.

கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். "அண்ணே, இன்னைக்குக் குளோரீன் எவ்வளவு? எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" ஒரு லீட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் எண், பீ.எச். என்பார்கள், 7.2 இலிருந்து 7.8 க்குள் நிற்க வேண்டும். ஒழுங்கான இடத்தில் இதை ஒரு பலகையிலோ கொப்பியிலோ நாளுக்குப் பல தடவை எழுதுவார்கள். அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு கிழமைக்கும் ஒரே எண் எழுதியிருந்தால் உங்களுக்கே விளங்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எத்தனை கொப்பி பார்த்திருக்கிறோம்!

வெயில் நாளா? திறந்த தடாகத்தில் வெயிலே குளோரீனைத் தின்றுவிடும். காலையில் போட்டது மத்தியானம் இருக்காது. மழை நாளா? இரத்தினபுரி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் குளோரீனைக் கரைத்து மெலிய வைக்கும், கரை மண்ணையும் உள்ளே கொண்டுவரும். மோட்டாரை ராத்திரி நிறுத்திய தடாகம் மறுநாள் காலையில் எப்படித் தெளியும்? மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

காவலாளியைப் பாருங்கள். தண்ணீரைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? அவர் டிக்கட் மேசையில் இருந்தால் காவலாளி இல்லை என்றே கணக்கு. மிதவை வளையம், நீளக் கம்பு கண்ணில் படுகிறதா? பூட்டிய அறைக்குள் இருக்கும் வளையத்தால் யாருக்கு என்ன பயன்?

சனம் தண்ணீரில் இருக்கும்போதே யாராவது வாளியில் மருந்து கலக்கிக்கொண்டு வந்தால் பிள்ளைகளை உடனே மேலே ஏற்றுங்கள். குளோரீன் தூளும் அமிலமும் ஒன்றோடொன்று பட்டால் விஷ வாயு கிளம்பும். மருந்து வைத்திருக்கும் அறைப் பக்கம் பிள்ளைகள் ஒளிந்து விளையாடப் போகிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள். தண்ணீருக்குள் விளக்கு இருந்து, அதன் கண்ணாடி உடைந்திருந்தால்? கையை விட்டால் லேசாகச் 'சுர்' என்கிறதா? கத்துங்கள். எல்லோரையும் வெளியே எடுங்கள். கரண்டுக்கு அக்கா தங்கச்சி தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை. கண் சிவப்பு, காது வலி, தோல் அரிப்பு வரலாம், பெரும்பாலும் ஆறிவிடும். வயிற்றோட்டம்தான் தொல்லை. அதைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்று, கிரிப்டோஸ்போரிடியம் என்று வாயில் நுழையாத பெயர், சரியான அளவு குளோரீன் உள்ள தண்ணீரிலேயே ஒரு கிழமைக்கு மேல் உயிரோடு இருக்கும். அதனால் உங்கள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் அது நின்று இரண்டு கிழமை ஆகும் வரை தடாகத்தில் இறக்காதீர்கள். காசு கட்டியாயிற்று என்று இறக்கினால் அது அடுத்தவர் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் நோய். கோபிக்காதீர்கள், உள்ளதைச் சொன்னேன்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, பயப்படுவீர்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வெதுவெதுப்பான, குளோரீன் இல்லாத நன்னீரில் ஒருவகை அமீபா வளரும். தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். மிக அரிது. வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. 2024 இல் கேரளத்தில் இப்படியான அமீபாக்களால் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களில் கண்ணூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமி பாடசாலைச் சுற்றுலாவில் மூணாறு போய், அங்கே ஒரு தடாகத்தில் குளித்தாள் என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. மூணாறும் நம் பக்கம் போலத் தேயிலை மலைதான். கோழிக்கோட்டுப் பையன் ஒருவனை நேரத்தோடு கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். தடாகத்தில் குளித்த சில நாட்களில் பிள்ளைக்குக் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். நேரே பெரியாஸ்பத்திரி. "தடாகத்தில் குளித்தான்" என்று டொக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

எலிக்காய்ச்சலை நீங்கள் மறந்தாலும் அது நம்மை மறக்காது. நாட்டில் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரி முன்வரிசை, கேகாலையும் தூரத்தில் இல்லை. வெள்ளம் புகுந்த தடாகம், கான் தண்ணீர் கலந்த தடாகம், எலி ஓடுகிற உடைமாற்றும் அறை, மூன்றும் ஆபத்து. காலில் வெட்டோ கீறலோ உள்ள பிள்ளை இறங்கவே கூடாது.

பூட்டிய தடாகம் என்றால் நிம்மதியா? அங்கேதான் ஏமாறுகிறோம்! காசில்லாமல் மூடிப்போட்ட தடாகத்தில் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல பிள்ளைக்காம்பரா கிடைக்காது. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாதி தண்ணீரோடு கிடக்கும் தடாகத்தில் சுவர் ஏறிக் குதிக்கும் பொடியன்களுக்கும் அது பொறி. உள்ளே விழுந்தால் பாசிச் சுவரில் பிடித்து ஏற முடியாது. அப்படி ஒன்று உங்கள் ஊரில் கிடந்தால் பீ.எச்.ஐ. மாத்தயாவிடம் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, திகதி போட்டு, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தடாகம் மூடினால் பிள்ளைகள் குளிக்காமல் இருப்பார்களா? கங்கைக்குப் போவார்கள். கித்துல்கலையில் களனி கங்கை அமைதியாகத்தான் தெரியும். மேலே நீர்மின் அணைகள். வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறும். குருவிட்ட போபத் எல்லவில் அருவி அழகு, பாறை வழுக்கல், அடியில் சுழி. எத்தனை வான் போய் ஒரு ஆள் குறைவாகத் திரும்பியிருக்கிறது!

எல்லாவற்றையும்விட என் வயிற்றைக் கலக்குவது மாணிக்கக் குழிகள். பெல்மதுளை, நிவித்திகலை, காவத்தைப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அனுமதிப்பத்திரம் எடுத்துத் தோண்டுகிறவர்கள், குழியை மூடுவதற்கென்று இரத்தினக்கல் அதிகார சபையிடம் பிணைக்காசு கட்ட வேண்டும். ராத்திரியில் களவாகத் தோண்டுகிறவர் எதைக் கட்டுவார்? கல் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார். மழை வந்தால் குழி நிறையும். சுற்றிலும் கெக்கில்லச் செடி முளைத்துவிடும். பிள்ளைக்கு அது குளம். கரையில் ஒரு அடி, அடுத்த எட்டில் முப்பது நாற்பது அடி. பக்கச் சுவர் சேறு, பிடிக்க வேரில்லை. நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாமல் களைத்துப்போவான். உங்கள் லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் வழியில் அப்படி எத்தனை குழி இருக்கிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

மூழ்குகிற பிள்ளை சத்தம் போடாது. இதை இரண்டு தடவை படியுங்கள். சினிமாவில்தான் "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது கத்துவது எப்படி? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் நின்று, கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். விளையாடுகிறது என்று நினைப்போம். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரிய ஆள் கரையில் நின்று தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். சோறு பிரிக்கக் கூடாது, போன் பேசக் கூடாது. கால் மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். பெரட்டில் பேர் போடுவது மாதிரி பேர் சொல்லி, ஆளைக் காட்டி மாற்றுங்கள். "எல்லாரும் பாத்துக்குங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

தூக்கி எடுத்த பிள்ளைக்கு மூச்சில்லை என்றால்? காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். பாட்டன் காலத்து வைத்தியம் அது. வாந்தி வந்து மூச்சுக்குழலை அடைக்கும், போகிற ஒவ்வொரு நொடியும் மூளைக்கு நட்டம். சமமான தரையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாக 30 அழுத்தம், மறுபடி 2 மூச்சு. நிறுத்தாமல் செய்யுங்கள். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990 க்கு அடிக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. கூப்பிடும்போது சொல்ல டவுன் பெயரையும் வீதிப் பெயரையும் போன உடனே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொந்தப் பெயரே வராது.

பிள்ளை இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தும் வேலையைக் காட்டும்.

அந்தத் தங்கச்சி இந்தச் சித்திரைப் புதுவருஷ லீவுக்கு மறுபடி வானில் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்களே. டிக்கட் வாங்குவதற்கு முன்னால் அவள் மட்டும் உள்ளே போனாளாம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆழமான முனையில் குந்தியிருந்து எண்ணியிருக்கிறாள்.

"ஏழு கம்பி வரைக்கும் எண்ணினேன்க்கா. எட்டாவது தெரியல."

வானைத் திருப்பச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். சந்தியில் நிறுத்தி ஆளுக்கொரு ஐஸ்கிறீம். வான்காரர் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.